இயந்திரம் வந்தது, வரைபடம் வரவில்லை

சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரம் வாங்கித் தரும் துறை அதிகாரிகளுக்கு,

எங்கள் குழுவின் பாக்கு மட்டைத் தட்டு இயந்திரத்தை "இயங்காத அலகு" என்று பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 30 நாளில் ஓட்டிக் காட்டாவிட்டால் அதை எடுத்து வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடிதமும் வந்துவிட்டது. அதே வாரம்தான், இதே மாதிரி இயந்திரங்களை இன்னும் பல குழுக்களுக்கு வாங்குவதற்கான டெண்டரும் வெளியானது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் என் மகளை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுதும் படித்தேன். நிறுவனத்தின் ஆண்டு விற்பனை எவ்வளவு இருக்க வேண்டும், முன்வைப்புத் தொகை எவ்வளவு, எத்தனை நாளில் கொண்டுவந்து இறக்க வேண்டும், பெயிண்ட் என்ன நிறம் என்பது வரை அதில் இருக்கிறது. வரைபடம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பழுது பார்க்கும் கையேடு பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் இயந்திரம் ஏன் நின்றது என்று உங்களில் ஒருவராவது கேட்டிருந்தால் இந்த டெண்டர் இப்படி வந்திருக்காது. யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன், எல்லோரும் படிக்கும்படியாக.

துறையின் பெயரை நான் எழுதவில்லை. பக்கத்து ஊரில் வேறொரு துறை கொடுத்த நாப்கின் இயந்திரமும், இன்னொரு ஊரில் இன்னொரு துறை கொடுத்த தென்னை நார் இயந்திரமும் இதே காரணத்துக்காகத்தான் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. ஒரு அலுவலகத்தைக் குறை சொல்லி முடித்துவிடுகிற விஷயமாக இருந்தால் நான் மனுவோடு நின்றிருப்பேன்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 1இல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் மட்டைப் பேச்சுதான். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டின் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புதான் வரும். ஒரு மரம் வருஷத்துக்கு ஆறு மட்டை போல உதிர்க்கும். அதில் கொஞ்சம் அடுப்புக்குப் போகும், கொஞ்சம் வேலிக்குப் போகும், மீதியைத் தோப்பிலேயே குவித்துக் கொளுத்துவோம். அந்த மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தட்டு. பசை கிடையாது, மருந்து கிடையாது, மட்டையின் ஈரமும் அச்சின் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் போதும். குப்பையில் போட்டால் மண்ணாகிவிடும். இதைவிட எங்கள் ஊருக்குப் பொருத்தமான தொழில் வேறு இல்லை என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

நாங்கள் 12 பேர். 2022இல் இயந்திரம் வந்தது. விலையில் ஒரு பங்கு மானியம், மீதி வங்கிக் கடன், அந்தத் தவணையை இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் மாதாமாதம் நாங்கள்தான் கட்டுகிறோம். நிறுவனத்திலிருந்து வந்த பையன் ஒரே ஒரு நாள் இருந்தான். சுவிட்சை எப்படிப் போடுவது, லீவரை எப்படி இழுப்பது, தட்டை எப்படி எடுப்பது, அவ்வளவுதான் பயிற்சி. மீதி எல்லாம் நாங்களே கற்றுக்கொண்டது. மாசி, பங்குனி வெயிலில் விழுந்த மட்டையை அன்றன்றே பொறுக்கி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கரும்புள்ளி விழும். மழைக்கால மட்டையை எவ்வளவு தேய்த்தாலும் பூஞ்சை வாடை போகாது, அதைத் தட்டுக்கு எடுக்கவே கூடாது. மட்டையின் அடிப்பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெல்லிசு, அதனால் 12 அங்குலத் தட்டு எடுக்கும்போது எந்தப் பக்கம் எந்த ஓரத்தில் வர வேண்டும் என்று கண்ணிலேயே அளந்து வைக்க வேண்டும். ஊறல் குறைந்தால் வெடிக்கும், கூடினால் அச்சில் வைத்ததும் ஆவி அடித்து உள்பக்கம் கொப்புளிக்கும். இதையெல்லாம் ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்து ஊரில் புதிதாக ஆரம்பித்த இரண்டு குழுக்களுக்கு அந்த நோட்டை நகல் எடுத்துக் கொடுத்தோம். அவர்கள் எங்களுக்குப் போட்டிதான், ஒரே கடைக்குத்தான் இரண்டு பேரும் தட்டு போடுகிறோம். ஆனாலும் கொடுத்தோம், ஏனென்றால் எங்களுக்கு அது தெரியாமல் முதல் மூன்று மாதம் எவ்வளவு மட்டையை வீணாக்கினோம் என்று எங்களுக்குத்தானே தெரியும்.

ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. வாரன்டி முடிந்து இரண்டாம் மாதம் சூடு நின்றுவிட்டது.

நிறுவனத்துக்குப் போன் செய்தோம். மூன்று வாரம் கழித்து ஆள் வந்து, டெம்பரேச்சர் கண்ட்ரோலர் போய்விட்டது, எங்கள் போர்டுதான் போட வேண்டும், 18,500 ரூபாய், முன்பணம் கட்டினால் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து போன செலவுக்குத் தனியாக 2,000 வாங்கிக்கொண்டார். எங்களிடம் அவ்வளவு இல்லை. டவுனில் ஒரு லேத் பட்டறை அண்ணன் இருக்கிறார், மோட்டார் முதல் நெல் மிஷின் வரை எதைக் கொண்டுபோனாலும் சரி செய்துவிடுவார், அவரைக் கூட்டிவந்து காட்டினோம். மூடியைக் கழற்றினால் போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறது, வெளியே தெரிகிற பாகங்களில் இருந்த எண்களையும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னார்: "இது செய்கிற வேலையை ரெண்டாயிரம் ரூபாய்க்குள் கடையில் கிடைக்கிற கண்ட்ரோலரே செய்யும் அம்மா, ஆனால் அச்சுக்குள்ளே என்ன சென்சார் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியணும்." அதை நிறுவனத்திடம் கேட்டோம். சொல்ல முடியாது என்றார்கள்.

சரி என்று ஒரு கண்ட்ரோலரை வாங்கி மாட்டினோம். தட்டெல்லாம் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தது, ஓரத்தைத் தொட்டாலே உடைந்தது. சூட்டைக் குறைத்தால் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் வராது. இப்படியே ஐந்து மாதம். கடைசியில் எங்கள் குழுவில் ஒரு அக்காவின் மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், அவன் ஆய்வகத்தில் கேட்டு ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து அச்சின் மேல் வைத்துப் பார்த்தான். கண்ட்ரோலர் 120 டிகிரி காட்டும்போது அச்சின் உண்மையான சூடு 150ஐத் தாண்டியிருந்தது. விஷயம் இவ்வளவுதான்: அச்சுக்குள் இருந்தது கே வகை தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கிற சென்சார், நாங்கள் கண்ட்ரோலரை ஜே வகைக்கு வைத்திருந்தோம். ஒரே சூட்டுக்கு கே வகை கொடுக்கிற மின்னழுத்தம் ஜே வகையைவிடக் குறைவு, அதனால் கண்ட்ரோலர் சூடு இன்னும் ஏறவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. அவன் இரண்டு பொத்தானை அழுத்தி அமைப்பை மாற்றினான். அன்று மாலையே பழைய மாதிரி வெள்ளைத் தட்டு வந்தது.

ஐயா, அம்மா, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். "கே வகை". இரண்டு சொல். அந்த இரண்டு சொல் எழுதிய தாள் ஒன்று இயந்திரத்தோடு வந்திருந்தால் எங்களுக்கு அரை நாள் வேலை. அது இல்லாததால் ஐந்து மாதம், அதில் இரண்டு முகூர்த்த மாதங்கள். கல்யாண ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போனது, மூன்று பேர் குழுவை விட்டுவிட்டுப் பழையபடி நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போய்விட்டார்கள். தவணை கட்ட என் கம்மலை அடகு வைத்தேன், இன்னொரு அக்கா ஆட்டை விற்றார்.

இப்போது நிற்பது வேறு கோளாறு. மேல் அச்சை இறக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டரில் ஆயில் சீல் கிழிந்துவிட்டது. எண்ணெய் ஒழுகி அழுத்தம் நிற்பதில்லை. அளவெடுத்துக்கொண்டு சேலம் வரைக்கும் போய்த் தேடினோம், அந்த அளவில் சீல் எந்தக் கடையிலும் இல்லை, சந்தையில் எல்லோரும் பயன்படுத்துகிற அளவை விட்டுவிட்டு எதற்கோ தனி அளவில் செய்திருக்கிறார்கள். நிறுவனத்தின் போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. பட்டறை அண்ணன் நினைத்தால் பிஸ்டனைக் கடைந்து, சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக்கி, கடையில் கிடைக்கிற சீலுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அவர் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இது எத்தனை டன் அழுத்தத்துக்குச் செய்தது, என்ன இரும்பு, சுவர் எவ்வளவு தடிப்பு இருக்க வேண்டும் என்று தெரியாமல் நான் கடைந்து கொடுத்து, நாளைக்கு அது பிளந்தால் யார் கை போகும்? உங்கள் கைதானே? வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார்.

வரைபடத்துக்காக நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பொதுப் பணத்தில் வாங்கிய இயந்திரத்தின் வரைபடமும் உதிரிப் பாகப் பட்டியலும் வேண்டும் என்று கேட்டேன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(d) பிரிவின்படி அது வணிக ரகசியம், தர இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பிரிவை நானும் படித்தேன். பெரிய அளவில் பொது நலன் இருக்கிறது என்று அதிகாரி கருதினால் கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 12 குடும்பம் கடன் கட்டிக்கொண்டு நிற்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பொது நலன் என்று எடுத்துக்கொள்ள முடியாதா? மேல்முறையீடு செய்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஆய்வுக் குழு வந்தது. பத்து நிமிடம் இருந்தார்கள். படிவத்தில் "இயங்குகிறது / இயங்கவில்லை" என்று இரண்டு கட்டம், இரண்டாவதில் டிக் அடித்தார்கள். ஏன் இயங்கவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. நான் ஒழுகுகிற எண்ணெயைக் காட்டினேன், சீலைக் கையில் வைத்துக் காட்டினேன். வந்தவர் நல்ல மனுஷர், காது கொடுத்துக் கேட்டார், ஆனால் எழுத இடம் இல்லாததை அவர் எங்கே எழுதுவார்? அப்புறம் போகும்போது, பெண்கள் மிஷினுக்குள் கை வைக்காதீர்கள், ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை, சூடும் மின்சாரமும் அழுத்தமும் இருக்கிற இடம்தான் அது. தெரியாமல் கை வைப்பதுதான் ஆபத்து. என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது, எண்ணெய் அழுத்தத்தை இறக்காமல் எந்த போல்ட்டைக் கழற்றக் கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் நாங்கள் கேட்கிறோம். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் 1990களிலேயே அடிபம்பு மெக்கானிக்காகப் பயிற்சி பெற்று, ஸ்பேனரும் கையுமாகக் கிராமம் கிராமமாகப் போய்ப் பம்பைப் பிரித்துச் சரிசெய்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியாது?

அந்த அடிபம்பைப் பற்றியே உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் நான் கேட்பது இதுவரை யாரும் செய்யாத காரியம் இல்லை. எங்கள் தெருமுனையில் இருப்பதும் உங்கள் அலுவலகத்துப் பின்பக்கம் ஒருவேளை இருப்பதும் பெரும்பாலும் இந்தியா மார்க் 2 அல்லது மார்க் 3 தான். அதற்கு முன்னால் வார்ப்பிரும்புப் பம்புகளைப் போட்டுப் போட்டு அவை உடைந்துகொண்டே இருந்தன. 1970களில் மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் செய்த பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெப்பும் அரசும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து இந்தப் பம்பை உருவாக்கினார்கள். யாரும் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. 1979இல் ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தரநிலையாகவே அதை வெளியிட்டார்கள். எந்தப் பாகம் என்ன அளவு, என்ன இரும்பு, எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்ய முடிந்தது, ஒருவர் செய்த பம்புக்கு இன்னொருவர் செய்த செயின் பொருந்தியது. இன்றைக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் அதே பம்பு நிற்கிறது. வரைபடத்தைத் திறந்து வைத்ததால் அதைச் செய்த கம்பெனிகள் ஒன்றும் நஷ்டப்பட்டுப் போகவில்லை, நிறையக் கம்பெனிகள் பிழைத்தன.

அதோடும் அவர்கள் நிறுத்தவில்லை. மார்க் 2இல் ஒரு குறை இருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்தால் அதை மாற்ற மொத்தக் குழாயையும் வெளியே தூக்க வேண்டும், அதற்கு வேனும் நாலைந்து ஆளும் வேண்டும், வேன் வருகிற வரைக்கும் ஊரே குடத்தோடு காத்திருக்கும். 1983இல் தொடங்கி நம் கோயம்புத்தூர்ப் பகுதியில்தான் சில ஆண்டுகள் பம்புகளை வைத்துச் சோதித்தார்கள். எது எப்போது நின்றது, ஏன் நின்றது, எதை மாற்றினார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் மார்க் 3. 32 மில்லிமீட்டர்க் குழாயை 65 மில்லிமீட்டராக்கினார்கள், குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்ற முடிந்தது. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டதில் அது நீண்ட நாள் உழைத்தது. ஊரிலேயே ஒரு மெக்கானிக்கும் உதவிக்கு ஓராளும் இருந்தால் போதும் என்றானது. அந்த இன்ஜினியர்கள் பம்பு நின்றதும் ஊரைக் குறை சொல்லவில்லை, பம்பைத் திருத்தினார்கள். எங்கள் இயந்திரம் நின்றதும் நீங்கள் எங்களைப் பட்டியலில் சேர்த்தீர்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

இன்னும் பின்னால் போனால், 1929இல் காந்தியின் அகில பாரத நூற்போர் சங்கம் ஒரு நல்ல ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தது. அன்றைக்கு ஒரு லட்சம். அதற்கு வைத்த நிபந்தனைகளில் சிலவற்றை உங்கள் டெண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ராட்டை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, குடிசையில் ஒரு பெண் எட்டு மணி நேரம் சிரமமில்லாமல் ஓட்ட முடிய வேண்டும், 20 வருஷம் உழைக்க வேண்டும், வருஷத்துக்குப் பழுது பார்க்கிற செலவு ராட்டை விலையில் 100க்கு 5க்கு மேல் ஆகக் கூடாது. பரிசை யாரும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். பின்னாளில் அம்பர் சர்க்கா என்ற புது மாதிரி ராட்டையைச் செய்தது நம் திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன். நான் சொல்ல வந்தது, இயந்திரம் வாங்குமுன் அதை ஓட்டப் போகிற பெண்ணையும், அது பழுதாகப் போகிற நாளையும் சேர்த்து யோசித்த ஆட்கள் 1929லேயே இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள் என்பதுதான். எங்கள் இயந்திரத்துக்குக் கண்ட்ரோலர் ஒன்றுக்கு மட்டும் கேட்ட விலையே அந்த 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது, அச்சு, சீல், ஹீட்டர் எல்லாம் தனி.

கோயம்புத்தூர் முருகானந்தம் நாப்கின் இயந்திரத்தைச் செய்தபோது பெரிய கம்பெனிக்கு விற்காமல் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். பஞ்சை உதிர்ப்பது, அழுத்துவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதை அமைத்தார். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கொடுத்ததில் நாங்களும் பெருமைப்பட்டோம். அவரை மேடையில் பாராட்டுகிற அரசே, வாங்குகிற இடத்தில் மட்டும் ஏன் பிசின் ஊற்றிய பெட்டியை வாங்குகிறது?

கம்பெனிக்காரர்கள் உழைத்துச் செய்ததை இலவசமாகக் கொடு என்றால் நியாயமா என்று நீங்கள் கேட்கலாம், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டும் விட்டார். இலவசமாகக் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து விலை போட்டு வாங்குங்கள், வேண்டுமானால் வரைபடத்துக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்து ஒரே தடவை வாங்கிவிடுங்கள். ஆயிரம் இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கிற இடத்தில் ஒரு வரைபடத்துக்கு விலை பெரிதில்லை. அப்புறம், உள்ளே இருப்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஒரு ஹைட்ராலிக் பம்பு, ஒரு சிலிண்டர், ஒரு ஜோடி அச்சு, ஹீட்டர், கண்ட்ரோலர், அவ்வளவுதான். பழுதுபார்க்கும் உரிமை என்று 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவே போட்டு, விவசாயக் கருவி, போன், வண்டி, வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் கையேடும் உதிரிப் பாக விவரமும் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தது. கடையில் மிக்ஸி வாங்குகிறவருக்கு இருக்க வேண்டிய உரிமை, அரசாங்கமே வாங்கிக் கொடுக்கிற இயந்திரத்தை நம்பிக் கடன் வாங்கிய எங்களுக்கு இல்லையா?

இயந்திரத்தோடு முடிவதில்லை இந்த விஷயம். 2025இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பாக்கில் இயற்கையாக இருக்கிற வேதிப்பொருள்கள் மட்டைத் தட்டிலிருந்து சாப்பாட்டில் இறங்கலாம் என்று சொல்லி, அங்கே இந்தத் தட்டை உணவுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்று அறிவித்தது. நாங்கள் ஏற்றுமதி செய்வதில்லை. ஆனாலும் செய்தி வந்த மறுவாரமே எங்கள் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டார், கோயில் அன்னதானத்துக்கு வாங்குகிறவர்கள் இது நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக் குழந்தைகளும் இதில்தான் சாப்பிடுகின்றன, எங்களுக்கும் தெரிய வேண்டும். என்ன சோதனை செய்ய வேண்டும், எங்கே செய்வது, மட்டையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினால் குறையுமா, எண்ணெய்ப் பதார்த்தம் வைத்தால் கூடுமா என்று சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. இயந்திரம் விற்றவர் இதைச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்டு, சோதித்து, கிடைத்த முடிவு எதுவானாலும் மறைக்காமல் எங்களுக்குச் சொல்ல வேண்டும். மோசமான முடிவாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு வேறு தொழிலுக்கு மாறுவோம்.

இனி நாங்கள் கேட்பது.

முதலில் எங்கள் இயந்திரத்தை எடுத்துப் போகும் அந்த 30 நாள் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். சிலிண்டரின் வரைபடத்தை நிறுவனத்திடமிருந்து வாங்கிக் கொடுங்கள், ஒப்பந்தம் போட்டது நீங்கள், உங்கள் கடிதத்துக்கு அவர்கள் பதில் சொல்வார்கள். அவர்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றால் ஒரு பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ எங்கள் இயந்திரத்தைப் பிரித்து அளந்து வரைபடம் போடட்டும், நாங்கள் இடம் தருகிறோம், கூட நின்று கழற்றவும் தயார். வரைபடம் கைக்கு வந்த பதினைந்தாவது நாள் நீங்கள் வந்து பாருங்கள், ஓடவில்லை என்றால் எடுத்துப் போங்கள்.

இப்போது விட்டிருக்கிற டெண்டரைத் திருத்துங்கள், ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால். இயந்திரத்தோடு முழு வரைபடம், மின்சுற்றுப் படம், ஒவ்வொரு உதிரிப் பாகத்தின் அளவும் தரமும், தமிழில் பழுது பார்க்கும் கையேடு, பாதுகாப்புக் குறிப்பு எல்லாம் கொடுத்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். சீல், பேரிங், போல்ட், ஹீட்டர், கண்ட்ரோலர் எல்லாம் சந்தையில் கிடைக்கிற பொது அளவில் இருக்க வேண்டும், பிசின் ஊற்றி மூடிய பெட்டி இருக்கக் கூடாது என்று எழுதுங்கள். வெளிப் பட்டறையில் சரிசெய்தால் வாரன்டி போய்விடும் என்கிற வரியை எடுத்துவிடுங்கள். வருஷப் பராமரிப்புச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், 1929இல் வைத்த அதே 5 சதவீதத்தை வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

அப்படி வாங்குகிற வரைபடங்களை அலமாரியில் பூட்டாதீர்கள். எந்தக் குழுவும், எந்தப் பட்டறையும், எந்த மாணவரும் இறக்கிக்கொள்கிற மாதிரி பொதுவில் வையுங்கள், திருத்திச் சிறப்பாக்கினால் திருத்தியதையும் அங்கேயே போட வேண்டும் என்று உரிமம் கொடுங்கள். இயந்திர வரைபடத்துக்கென்றே அப்படி ஓர் உரிமத்தை செர்ன் என்கிற ஐரோப்பிய அணு ஆய்வகம் 2011லேயே எழுதி வைத்திருப்பதாக அந்தப் பாலிடெக்னிக் பையன் காட்டினான். நெதர்லாந்தில் ஒரு இளைஞர் 2013இல் பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பயன்படுத்துகிற இயந்திரங்களின் வரைபடத்தை அப்படித்தான் வெளியிட்டார், பல நாடுகளில் சின்னச் சின்னப் பட்டறைகள் அதைப் பார்த்துச் செய்துகொள்கின்றன என்றும் காட்டினான். எங்கள் 80 பக்க நோட்டையும் அந்தப் பொது இடத்தில் வைக்கக் கொடுக்கிறோம், இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வுப் படிவத்தில் "ஏன் நின்றது, எத்தனை நாளாக நிற்கிறது, எந்தப் பாகம்" என்று மூன்று கட்டங்களைச் சேருங்கள். நின்றுபோன எல்லா இயந்திரங்களுக்கும் ஒரு முறை அதை நிரப்பி, நிறுவன வாரியாக வெளியிடுங்கள். அடுத்த டெண்டரில் யாரை எடுப்பது என்று அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தட்டின் பாதுகாப்பு பற்றிய சோதனையை அரசு ஆய்வகத்தில் அரசுச் செலவில் செய்து, முடிவைத் தமிழில் எங்களுக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. டெண்டர்க் குழுவில் இயந்திரம் ஓட்டுகிற பெண் ஒருவரையும், பழுது பார்க்கிற பட்டறைக்காரர் ஒருவரையும் உட்கார வையுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து நான் வருகிறேன், பட்டறை அண்ணனிடமும் கேட்டுவிட்டேன், ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருவதாகச் சொன்னார். தேதியை மட்டும் சொல்லுங்கள், கிழிந்த சீலையும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பாக்கு மட்டைத் தட்டு செய்யும் ஒரு மகளிர் குழுவின் ஊக்குநர்